ஓட்டத்துக்கு மறுநாளும் வார்டு இருக்கிறது: மாரத்தான் நிதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைகள் மருத்துவமனைக்காக மாரத்தான் நடத்தி நிதி திரட்டும் குழுவினருக்கும், அந்த நிதியைப் பெற்றுச் செலவிடும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

உங்கள் ஓட்டத்தில் இதுவரை ஐந்து முறை ஓடியிருக்கிறேன். 42.195 கிலோமீட்டரை ஓடி முடிக்க எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். ஐந்து முறையும் தெரிந்தவர்களிடமும் தெரியாதவர்களிடமும் கேட்டு, என்னால் முடிந்த பணத்தைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். ஆறாவது முறை ஓடப் பதிவு செய்துவிட்டேன். அதற்கு முன்னால், உங்களிடம் நேரில் சொல்ல வாய்ப்புக் கிடைக்காத சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன். குறை சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. இந்த ஓட்டம் நின்றுபோனால் நான் மிகவும் வருந்துவேன். நன்றாக நடக்க வேண்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

நான் ஓடத் தொடங்கியதற்குக் காரணம் என் அண்ணன் மகன். ஐந்து வயதில் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. தொடர்ந்து காய்ச்சல், காலில் வலி, கன்றிப்போன தோல். மூன்று வாரம் வேறு வேறு காரணம் சொல்லி மருந்து கொடுத்தார்கள். நான்காவது வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. முதல் கட்டச் சிகிச்சை ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் அண்ணி வார்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். அண்ணன் வேலைக்கும் மருத்துவமனைக்கும் அலைந்தான். பிள்ளையின் பக்கத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கலாம் என்பது விதி. நான் போனால் வெளியே வராந்தாவில் நிற்க வேண்டும். ஒருநாள் மாலை நிற்க முடியாமல் மருத்துவமனைச் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தேன். மறுநாளும் நடந்தேன். சில வாரங்களில் அது ஓட்டமாக மாறியது. ஓடும்போது மட்டும்தான் கைகள் சும்மா இருப்பது போல் தோன்றவில்லை.

சிகிச்சை இரண்டரை ஆண்டு நடந்தது. அவனுக்கு இப்போது பதின்மூன்று வயது. நன்றாக இருக்கிறான்.

அந்த இரண்டரை ஆண்டு என்ற கணக்கைத்தான் முதலில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இந்த வகை ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டிலிருந்து மூன்று ஆண்டு சிகிச்சை தேவைப்படுகிறது. 1960களின் தொடக்கத்தில் இந்த நோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர்தான் பிழைத்தார்கள். இன்று நல்ல வசதியுள்ள இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள். ஒரே ஒரு அதிசய மருந்து வந்து இந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே கையில் இருந்த பல மருந்துகளை எந்த வரிசையில், எந்த அளவில், எவ்வளவு காலம் கொடுப்பது என்று பல ஆண்டுகள் பொறுமையாகக் கண்டுபிடித்ததால் வந்தது. அதாவது, பிழைக்க வைப்பதில் பெரும்பங்கு விடாமல் தொடர்வதில் இருக்கிறது.

முதல் சில மாதங்கள் முடிந்த பிறகு வரும் காலத்தை வார்டில் எல்லோரும் 'மெயின்டனன்ஸ்' என்பார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். முடி மறுபடி முளைக்கும். பார்ப்பவர்கள் நோய் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஆனால் தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒரு முறை இன்னொரு மாத்திரை, குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை, 'கவுண்ட்' (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு என்று கேட்டு அளவைக் கூட்டுவது குறைப்பது, சில மாதங்களுக்கு ஒரு முறை முதுகுத் தண்டில் ஊசி என்று அது ஓர் ஆண்டுக்கு மேல் போகும். இந்த மாத்திரைகளில் நூறு வேளைக்கு ஐந்துக்கு மேல் தவறினாலே நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கையில் காசு இருக்கிறதா, வண்டி கிடைக்குமா என்பதெல்லாம் அந்த நேரத்தில் சிகிச்சையின் பகுதி ஆகிவிடுகிறது.

மாரத்தான் ஓடியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முதல் 25 கிலோமீட்டர் எப்படியும் போய்விடும். கூட்டம் இருக்கும், மேளச் சத்தம் இருக்கும், கைதட்டல் இருக்கும். 30, 32 கிலோமீட்டர் வாக்கில் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருந்த சர்க்கரை தீர்ந்துபோகிறது. கால் கல்லாகிவிடுகிறது. ஓடுபவர்கள் அதைச் 'சுவர்' என்று சொல்வார்கள். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் சாலையோரத்தில் ஆளே இருக்க மாட்டார்கள்.

நோயாளிக் குழந்தையின் குடும்பமும் முதல் மாதத்தில் சுவரில் மோதுவதில்லை. முதல் மாதத்தில் உறவினர்கள் வருகிறார்கள், அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கிறது, நகையை அடகு வைக்கலாம், கடன் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. எட்டாவது, பத்தாவது மாதத்தில்தான் எல்லாம் தீர்கிறது. அப்போது தொலைபேசி அடிப்பதில்லை. அண்ணன் குடும்பம் அந்தச் சுவரில் மோதியபோது நாங்கள் சிலர் தாங்கிப் பிடித்தோம். அதே வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு பெண் குழந்தையின் தந்தைக்கு அப்படி யாரும் இல்லை. ஏழாவது மாதத்துக்குப் பிறகு அவர்கள் வருவது நின்றது. அந்தக் குழந்தை பற்றிக் கேட்டால் செவிலியர்கள் பேச்சை மாற்றினார்கள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள், நடுத்தர நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த இடைவெளிக்கு அந்த நிறுவனம் சொல்லும் காரணங்களில் ஒன்று, பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவது. 2018இல் அது தொடங்கிய திட்டம், 2030க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 விழுக்காடு குழந்தைகளைப் பிழைக்க வைக்க வேண்டும் என்கிறது. பாதியில் விடுபவர்களைப் பிடித்து நிறுத்தாமல் அந்த எண்ணை எட்ட முடியாது.

இப்போது உங்கள் நிதிக்கு வருகிறேன். நான் ஓடிய ஐந்து ஆண்டிலும் திரட்டிய பணம் எதற்கு என்று கேட்டபோதெல்லாம் ஒரு பெரிய பொருளைக் காட்டினீர்கள். ஓர் ஆண்டு ஸ்கேன் இயந்திரம். ஓர் ஆண்டு புதிய பிரிவின் வரவேற்புக் கூடம். எல்லாம் தேவையானவைதான். இயந்திரம் இல்லாமல் நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியாதா? அண்ணன் மகனுக்கு நான்காவது வாரம் வரை நோய் தெரியாமல் போனதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் இயந்திரத்தின் மேல் பித்தளைத் தகட்டில் கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம், நாற்காலியின் மேல் பொறிக்க முடியாது என்பதற்காக ஒவ்வோர் ஆண்டும் இயந்திரமே வாங்கினால், அது நோயாளியின் தேவையிலிருந்து எடுத்த முடிவு இல்லை. இயந்திரம் வந்த பிறகு அதை இயக்க ஆள் வேண்டும், பராமரிக்கப் பணம் வேண்டும். அதற்கு யாரும் ஓடுவதில்லை.

என் வேண்டுகோள் இது. திரட்டும் தொகையில் ஒரு பங்கை, நீங்களே அளவைத் தீர்மானித்து, குடும்பங்கள் பாதியில் விட்டுப் போகாமல் இருப்பதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பயணச் செலவு. வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்க ஓர் அறை. தாய் படுக்க ஒரு கட்டில். வேலைக்குப் போக முடியாத மாதத்தில் வீட்டு வாடகை. சந்திப்புக்கு வராத குழந்தையின் வீட்டுக்கு அன்றைக்கே தொலைபேசியில் பேசுவதற்கு ஒரு முழுநேர ஊழியர். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். 'இன்னிக்கு ஏன் வரலைம்மா, என்ன ஆச்சு' என்று யாராவது கேட்டிருந்தால் பக்கத்துப் படுக்கைக் குழந்தை திரும்பி வந்திருக்கலாம் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் பணத்தை ஒரே நாளில் காசோலையாகக் கொடுத்து படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், அடுத்த ஓட்டம் வரும்வரை பன்னிரண்டு மாதங்களுக்கும் பிரித்துச் செலவாகும்படி வையுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை வார்டில் உள்ள சமூகப் பணியாளரும் மூத்த செவிலியரும் அன்றைக்கே முடிவு செய்யட்டும். நான்கு கையெழுத்தும் மூன்று வார காத்திருப்பும் வைத்தால், அந்தத் தந்தை இரண்டாவது கையெழுத்துக்கு முன்பே ஊருக்குப் போய்விடுவார்.

அடுத்தது கணக்கு. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடுபவர்கள் கட்டும் பதிவுக் கட்டணம் அப்படியே மருத்துவமனைக்குப் போகிறது என்று எங்களில் மிகப் பலர் நினைக்கிறார்கள். முதல் ஆண்டு நானும் அப்படித்தான் நினைத்தேன். சாலையை மூடுவது, தண்ணீர்ப் பந்தல்கள், முதலுதவி, நேரம் கணக்கிடும் சிப், பதக்கம், சட்டை எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டணம்தான் போகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதில் தவறில்லை. ஓட்டம் நடத்தச் செலவு ஆகும். ஆனால் பதிவுப் படிவத்திலேயே அதை எழுதுங்கள். இவ்வளவு ஓட்டத்துக்கு, இவ்வளவு மருத்துவமனைக்கு என்று இரண்டு வரி போதும். விளம்பரதாரர் கொடுத்தது எவ்வளவு, விளம்பரத்துக்கே போனது எவ்வளவு என்பதையும் ஓட்டம் முடிந்து சில மாதங்களுக்குள் வெளியிடுங்கள். என்னிடம் பணம் கொடுத்தவர்களில் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் கொடுக்கிறார். போன முறை கொடுத்துவிட்டு, 'இது போய்ச் சேர்ந்ததுன்னு நீ சொன்னா போதும், நான் நம்புவேன்' என்றார். நான் என்ன சொல்லட்டும்? எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வேன்?

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கடினமானது.

அண்ணன் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, சிகிச்சையின் நடுவில், வார்டில் ஒரு புகைப்படம் எடுத்தார்கள். தலையில் முடி இல்லை, கன்னம் மருந்தால் உப்பியிருக்கிறது, மூக்கில் குழாய், ஆனாலும் சிரிக்கிறான். ஒரு படிவத்தில் அண்ணியிடம் கையெழுத்து வாங்கினார்கள். அந்த நாட்களில் அண்ணி ஒரு நாளைக்குப் பத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படம் முதலில் ஒரு துண்டுப் பிரசுரத்தில் வந்தது. பிறகு பதாகையில். பிறகு ஓட்டப் பாதையில் இருபதடி உயரத்துக்கு. நான் முதல் முறை ஓடியபோது அதைப் பார்த்து அழுதுகொண்டே ஓடினேன், பெருமையாகவும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஏழு ஆண்டு ஆகிவிட்டது. படம் இன்னும் இருக்கிறது. அவன் இப்போது பள்ளியில் எட்டாம் வகுப்பு. போன ஆண்டு அவன் வகுப்பில் ஒருவன் அந்தப் பதாகையைத் தன் கைபேசியில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். அன்று மாலை அவன் என்னிடம் வந்து கேட்டான்: "அத்தை, நான் நல்லாயிட்டேன்ல? அப்புறம் ஏன் என்னை இன்னும் சீக்காளியாவே வச்சிருக்காங்க?"

அந்தப் பதாகைக்குக் கீழே ஐந்து முறை ஓடிய என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் எழுதிக் கேட்டோம். கையெழுத்து இருக்கிறது, கால வரம்பு இல்லை என்று பதில் வந்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்டது அவன் அல்ல. அவன் முகம் அவனுடையது.

நிதி திரட்ட ஒரு முகம் வேண்டும், முகம் இல்லாமல் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கு ஒரு பழைய சம்பவத்தை நினைவூட்டுகிறேன். 1948 மே 22 அன்று, அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நாடு முழுவதும் கேட்கும் வானொலி நிகழ்ச்சியில் படுக்கையிலிருந்தே பேசினான். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் அணியின் ஆட்டக்காரர்கள் அவன் அறைக்கே வந்தார்கள். அவன் ஆட்டத்தைப் பார்க்க ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும், அதற்காகவும் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகவும் கொடுங்கள் என்று நிகழ்ச்சிக்காரர்கள் நேயர்களிடம் கேட்டார்கள். இலக்கு 20,000 டாலர். வந்தது 2,31,000 டாலருக்கு மேல். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடிய மருத்துவர் சிட்னி ஃபார்பரின் பணிக்கு அதுதான் பெரிய துணையானது. அந்த நிதிக்கு ஜிம்மி ஃபண்ட் என்று பெயர். 1989இலிருந்து அதற்காகப் பாஸ்டன் மாரத்தான் பாதையிலேயே ஆண்டுதோறும் நடைப்பயணம் நடக்கிறது.

ஜிம்மி என்பது அந்தச் சிறுவனின் பெயர் இல்லை. அவன் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக நிகழ்ச்சிக்காரர்கள் வைத்த பெயர். அவன் யார் என்பது 1998இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதுவரை அந்தச் சிறுவன் வளர்ந்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, தாத்தாவாகவும் ஆகியிருந்தார். ஐம்பது ஆண்டு அவர் பெயர் தெரியாமலேயே மக்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1948இல் செய்ய முடிந்ததை இன்று ஏன் செய்ய முடியாது?

ஆகவே இதைக் கேட்கிறேன். சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் படத்தை ஓர் ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் குடும்பத்திடம் புதிதாகக் கேளுங்கள். குழந்தைக்கு விவரம் தெரியும் வயது என்றால் குழந்தையிடமும் கேளுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்காதீர்கள். சிகிச்சைக்கும் சம்மதத்துக்கும் தொடர்பே இல்லை என்று தாய்க்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். வார்டில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு, மறுத்தால் பிள்ளையைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்ற பயம் இருக்கும். அண்ணிக்கு இருந்தது. முதலில் இறங்க வேண்டியது அவன் படம்.

ஓடுபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் விளம்பரங்களில் 'குழந்தைகளுக்காக முடித்துக்காட்டுங்கள்' என்ற தொனி இருக்கிறது. இது ஆபத்தானது. அறப்பணிக்காக ஓடுபவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல மெதுவாக ஓடுபவர்கள், முதல் முறை ஓடுபவர்கள். முழங்காலில் வலி இருந்தும், காய்ச்சல் இருந்தும், 'இத்தனை பேர் பணம் கொடுத்துட்டாங்களே' என்று தொடக்கக் கோட்டில் வந்து நிற்கிறார்கள். மூன்றாவது ஆண்டு நானே கணுக்காலில் எலும்பு விரிசலோடு பதினெட்டாவது கிலோமீட்டர் வரை ஓடினேன். நிறுத்தியபோது வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. அந்த வெட்கம் யார் மனதிலும் வரக் கூடாது.

டெர்ரி ஃபாக்ஸை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1977இல் பதினெட்டு வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த கனடிய இளைஞர். மருத்துவமனையில் தன்னோடு சிகிச்சை பெற்றவர்கள், அவர்களில் குழந்தைகளும், பட்ட வேதனைதான் அவரை ஓட வைத்தது. 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில் தொடங்கி, செயற்கைக் காலோடு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம் ஓடினார். ஆரம்ப வாரங்களில் பல ஊர்களில் கண்டுகொள்ள ஆளில்லை. பிறகு நாடே சாலைக்கு வந்தது. 143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே அருகே நின்றார், புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. நாட்டின் மறுகரையை அவர் தொடவே இல்லை. அதற்காக யாரும் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது, அதாவது அன்றைய கனடாவின் மக்கள்தொகைக்கு ஆளுக்கு ஒரு டாலர். அதைத்தான் அவர் கேட்டிருந்தார். அந்த ஆண்டு ஜூனில் அவர் இறந்தார். அவருக்கு வயது 22.

உங்கள் படிவத்தில் 'ஓட்டத்தை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் நன்கொடை செல்லும்' என்று ஒரு வரி சேருங்கள். கொடுப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் அது தெரியட்டும். பாதியில் நின்றவருக்கும் நன்றிக் கடிதம் போகட்டும், மூன்றாவது ஆண்டு எனக்கு வரவில்லை.

மெதுவாக வருபவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்தின் அளவு குறைந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள், தேவைக்கு அதிகமாகத் தண்ணீர் குடித்து எடை கூடியவர்கள் ஆகியோருக்கு அது அதிகம். மிகக் குறைந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். ஆனால் நம் பயிற்சி முகாமில் எங்களுக்குச் சொன்னதெல்லாம் 'ஒவ்வொரு பந்தலிலும் குடிங்க, விடாதீங்க' என்பதுதான். தாகத்துக்கு ஏற்பக் குடிக்கச் சொல்லுங்கள். அதேபோல, ஐந்து மணி நேரம் ஆனதும் பந்தல்களையும் முதலுதவி வண்டியையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கடைசியில் வருபவர்களுக்குத்தான் அவை தேவை. குழந்தைகள் மருத்துவமனைக்காக ஓடிய ஒருவர் ஓட்டத்தில் மயங்கி விழுந்து இன்னொரு மருத்துவமனைக்குப் போவதை நீங்களும் விரும்ப மாட்டீர்கள்.

குறைந்தபட்சத் தொகையைப் பற்றியும் யோசியுங்கள். ஒவ்வொரு ஓட்டக்காரரும் இவ்வளவு திரட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கைப்பணத்தைப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். பணக்கார நண்பர்கள் உள்ளவர்களுக்கு அது ஒரே மாலையில் முடியும் வேலை. அதே வார்டில் இரவுப் பணி செய்யும் ஒரு செவிலியர் நான்கு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு, அந்தத் தொகை சேரவில்லை என்று விலகிக்கொண்டார். அண்ணன் மகனுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு ரத்தம் எடுக்கும்போது கதை சொல்லிக்கொண்டே எடுத்தவர் அவர். மருத்துவமனை ஊழியர்களுக்கும் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் பெற்றோருக்கும் சில இடங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒதுக்குங்கள். 1988இல் நியூயார்க் மாரத்தானில் 38 பேர் சேர்ந்து ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக 3,22,000 டாலர் திரட்டினார்கள். அந்தக் குழுவைத் திரட்டியவர் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பெண் குழந்தையின் தந்தை. இன்று உலகெங்கும் நடக்கும் இப்படிப்பட்ட ஓட்டங்களுக்கு முன்மாதிரியாக இருந்த குழுக்களில் அதுவும் ஒன்று. தகப்பன் ஒருவன் தொடங்கிய வேலையில் தகப்பன்களுக்கு இடம் இல்லாமல் போகக் கூடாது.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது என்று எழுதுங்கள். முடியாது என்றால் ஏன் என்று காரணம் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்வேன். சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். ஓட்டத்துக்கு இன்னும் பதினொரு வாரம் இருக்கிறது. இந்த ஞாயிறு என் நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம் 24 கிலோமீட்டர். ஆசிரியை அம்மாவிடம் இந்த முறையும் போய்க் கேட்பேன். அவருக்குச் சொல்ல ஒரு பதிலோடு போக விரும்புகிறேன்.

இந்த மடலில் அண்ணன் மகனைப் பற்றி எழுதியதை அவனிடம் வாசிக்கக் கொடுத்தேன். பென்சிலால் இரண்டு இடத்தில் அடித்தான். அவற்றை எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு முறை நின்ற, ஆறாவது முறை ஓடப்போகும் ஒருத்தி